தூக்க இலேசு, சுட அல்ல

அன்புள்ள யாழினி,

ஐந்தரை பவுண்டு எடையில் 20 கேஜ் (கேஜ் என்பது குழலின் அகலத்தைச் சொல்லும் எண்) துப்பாக்கி வாங்கியிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா புல்வெளியில் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி மாதிரிப் பறவையைத் தேடி நாள் முழுக்க நடக்க நல்ல எடைதான். ஆனால் சுடும்போது அதே எடை உன்னைப் படுத்தும்.

கனமான துப்பாக்கியை ஒருமுறை வீசிவிட்டால் அதன் கனமே அதைப் பறவையோடு கொண்டுபோகும். இலேசானது சட்டென்று கிளம்பும், ட்ரிகரை இழுக்கும் நொடியில் சட்டென்று நின்றும்விடும். தோட்டாவிலிருந்து சிதறும் சின்னக் குண்டுகளான ரவையெல்லாம் பறவையின் வாலுக்குப் பின்னால் போகும். அதனால் இடது கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பிடி. கையால் மட்டும் திருப்பாதே, இடுப்போடு சேர்ந்து திரும்பு. வெடித்த பிறகும் வீச்சை நிறுத்தாதே. கண் குழல்முனையில் இருக்கக் கூடாது. சேவலின் கழுத்தில் வெள்ளை வளையம் இருக்கிறதே, அதில் இருக்கட்டும். நீள வாலைப் பார்த்துச் சுடுகிறவர்கள்தான் அதிகம். வளையத்தைத் தேடினால், வளையமில்லாத பெட்டையைச் சுட்டு அபராதம் கட்டும் வேலையும் இல்லை.

தோட்டா விஷயத்தில் ஆசைப்படாதே. ரவையின் எடையைப் போல 96 மடங்கு துப்பாக்கி இருக்க வேண்டும் என்பது பழைய இங்கிலாந்துக் கணக்கு. உன்னுடையதற்கு முக்கால் அவுன்சுக்குக் கொஞ்சம் மேலே, 7/8 அவுன்ஸ் போதும். மேக்னம் என்ற அதிக வலுவான தோட்டாவைப் போட்டால் தோளில் இடிக்கும். அப்புறம் அடுத்த தோட்டாவுக்கு முன்பே கண் தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு.

வீட்டில் துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குழலுக்குள் ஒரு சின்ன டார்ச்சைச் செருகு. சுவரும் கூரையும் சேரும் கோட்டில் வெளிச்சத்தை ஓட்டிக்கொண்டே துப்பாக்கியின் பின்கட்டையை முதலில் கன்னத்துக்குக் கொண்டு வா, தோள் பிறகு. தினமும் கொஞ்ச நேரம் போதும். பிறகு ஸ்கீட் மைதானத்துக்கு, அதாவது பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகும் இடத்துக்குப் போ. 1920களில் மாசசூசெட்ஸ் வேட்டைக்காரர்கள் பறவைக்குப் பழகத்தான் அதை உருவாக்கினார்கள். அங்கே பலர் துப்பாக்கியை முன்பே தோளில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். நீ இடுப்பளவில் பிடித்தே தொடங்கு. காட்டில் எந்தப் பறவையும் சொல்லிவிட்டுக் கிளம்பாது.

இன்னொன்று. யாரிடமாவது இன்னும் அகலமான குழல் கொண்ட 12 கேஜ் துப்பாக்கியை இரவல் வாங்கினால், உன் மஞ்சள் நிற 20 கேஜ் தோட்டாக்களைப் பையிலிருந்து எடுத்து வண்டியில் வைத்துவிடு. ஒன்று தவறி 12 குழலுக்குள் போனால் பாதியில் சிக்கிக்கொள்ளும். பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். தாழப் பறக்கும் பறவையையும் விட்டுவிடு, கீழே நாய் ஓடும்.

அக்டோபரில் சீசன் தொடங்குவதற்கு முன் வரப் பார்க்கிறேன். அம்மா இப்போதே மிளகு வறுவலுக்குத் திட்டம் போடுகிறாள். கறியில் ரவை கிடக்கும், பார்த்துக் கடிக்க வேண்டும் என்று அவளிடம் நீயே சொல்லிவிடு.

அப்பா