துரை வீடு இல்லை, உப்புக் கொட்டாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கேளம்பாக்கத்துக்குத் தெற்கே, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாக இருக்கிறது எங்கள் அம்மாவின் ஊர். அங்கே புளியமரத்தடியில் கூரை போன நீளமான கட்டடம் ஒன்று நிற்கிறது. ஊராருக்கு அது 'கோட்டர்ஸ்'. வெள்ளைக்கார துரை குடியிருந்த குவார்ட்டர்ஸ் என்றுதான் சின்ன வயதில் எங்களுக்குச் சொல்லி வைத்தார்கள்.

போன மாதம் முதல் தடவையாக உள்ளே போய்ப் பார்த்தேன். குடியிருந்த இடம் என்றால் அடுப்படி வேண்டாமா? ஒரு ஜன்னல்கூட இல்லை. தரை இடுப்பளவு உயர்ந்த மேடை. சுவரில் மேலே சுண்ணாம்புப் பூச்சு கெட்டியாக இருக்க, அடிச்செங்கல் மட்டும் அரித்துப்போய், தொட்டால் நாட்டுச் சர்க்கரை போல உதிர்கிறது. அந்தத் தூளை நாக்கில் வைத்தேன். கரித்தது. கடலோரத்தில் எந்தச் சுவரும் கரிக்கும் என்றார் மாமா. சரி, ஆதாரம் தேடுவோம் என்று கிராமத்தின் பழைய 'ஏ' ரிஜிஸ்டரை, அதாவது நிலப் பதிவேட்டைப் பார்த்தேன். அந்த சர்வே எண்ணுக்கு நேரே, குறிப்புக் கட்டத்தில் ஒரே சொல்: கொட்டாரம்.

கொட்டாரம் என்றால் களஞ்சியம். 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பு வியாபாரத்தை முழுவதுமாகத் தன் கைக்குள் கொண்டுவந்தது. உப்பளத்தில் எடுத்த உப்பைக் கொட்டாரத்தில் குவித்துப் பூட்டுவார்கள். பிறகு கால்வாய்ப் படகில் நகரத்துக்குப் போகும். ஆங்கிலேயர் வாயில் கொட்டாரம் 'கோட்டர்ஸ்' ஆனது. சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் சால்ட் கோட்டர்ஸ் கூட்ஸ் யார்டின் பெயரும் இதே சொல்தான். 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தைப் பாடமாகப் படிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், அந்த உப்பைப் பூட்டி வைத்த சுவரில்தான் தினமும் பந்து அடித்து விளையாடுகிறார்கள்.

இப்போது அதை இடித்துவிட்டுச் சமுதாயக் கூடம் கட்டப் போகிறார்களாம். கூடம் ஊருக்கு வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே புறம்போக்கு காலியாகக் கிடக்கிறதே! மனு கொடுத்தேன். 'பாழடைந்த குவார்ட்டர்ஸ், பாதுகாக்கத் தேவையில்லை' என்று பதில் வந்தது. தப்பான பெயரை வைத்தே கட்டடத்தின் கதையை முடித்துவிட்டார்கள்.

தொல்லியல் துறையிலிருந்து ஒருவராவது நேரில் வந்து அளந்து, படம் எடுத்து, கோப்பில் அந்தப் பெயரைத் திருத்த வேண்டும். ஜேசிபி வருவதற்குள் வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவான்மியூர், சென்னை - 41