மூட்டு நோவை வயதின் மேல் போட்டுவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 12ஆம் திகதி உலக மூட்டுவாத தினமாக அனுட்டிக்கப்படுகிறது. நீரிழிவையும் உயர் குருதி அமுக்கத்தையும் பற்றி எங்கள் மக்கள் இன்று ஓரளவு அறிந்திருக்கிறார்கள். ஆனால், சீனியையும் உப்பையும் அளந்து பாவிக்கும் வீடுகளில்கூட மூட்டு நோவென்று ஒருவர் சொன்னால், "வயது போனால் வாறதுதானே" என்பதே பதிலாகக் கிடைக்கிறது. இந்தப் பதிலோடு இருந்துவிடுவதால், குணப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ கூடிய காலத்தைப் பலர் இழந்துவிடுகிறார்கள் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

மூட்டுகளைத் தாக்கும் நோய்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பரவலானது மூட்டுத் தேய்வு. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2019ஆம் ஆண்டில் 52 கோடிக்கும் அதிகமானோர் இதனுடன் வாழ்ந்தார்கள். பெரும்பாலானோர் 55 வயதைக் கடந்தவர்கள். முடக்குவாதம் வேறு நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வரும் இந்நோய், பிள்ளை வளர்க்கும் வயதிலுள்ள பெண்களையும் பிடிக்கும். நோயாளரில் ஏறத்தாழ 70 வீதமானோர் பெண்களே. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் மூட்டுவாதம் வருவதுண்டு என்பது பலருக்குத் தெரியாது.

தம்பலகாமத்தில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கைக்கு நோய் தொடங்கியபோது அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. காலையில் மகனின் பாடசாலைச் சட்டைக்குப் பொத்தான் பூட்ட அவளால் முடியாது. மூத்த மகளைக் கூப்பிடுவாள். பதினொரு மணியானதும் அதே கையால் தேங்காய் துருவி, உடுப்புப் பிழிந்து, எல்லா வேலையும் செய்வாள். அதனால் வீட்டில் எவரும் அதை ஒரு நோயாக எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. வைத்தியரின் துண்டில்லாமல் பாமசியில் நோக் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு காலத்தைக் கடத்தி, ஈற்றில் வாதநோய் நிபுணரின் கிளினிக்குக்குப் போனபோது இரண்டு விரல்கள் வளைந்துவிட்டிருந்தன. இப்போது நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆனால் அந்த விரல்கள் நிமிரவில்லை.

காலையில் விறைத்திருந்து பிற்பகலுக்குள் இளகுவதுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி. மூட்டுத் தேய்விலும் காலை விறைப்பு உண்டு. அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் விறைப்பு நீடித்து, இரு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கிச் சூடாக இருந்து, சில வாரங்களாகியும் அது மாறாவிட்டால், ஒரு நாளும் பிந்தாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். முடக்குவாதத்தில் எலும்பும் குருத்தெலும்பும் அரிபடத் தொடங்குவது முதல் மாதங்களிலேயே என்பதால், நோயின் போக்கையே தடுக்கும் மருந்துகளை அந்தக் காலத்தில் தொடங்குகிறவர்களுக்கே கூடிய பலன் கிடைக்கிறது.

அம்மருந்துகளுள் முதன்மையானது மெத்தோட்ரெக்சேற். அதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். மற்றக் குளிசைகளைப் போல நாளாந்தம் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அந்த நாளைக் கலண்டரிலும் கிளினிக் கொப்பியிலும் பெரிதாக எழுதி வைப்பதோடு, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்க வேண்டும். பிள்ளை பெற எண்ணியிருப்பவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்வது கட்டாயம்.

நோக் குளிசைகளைப் பற்றி எனக்குப் பெரும் கவலையுண்டு. டைக்குளோபெனக் போன்றவற்றை மாதக்கணக்கில் தாமாகவே போடுகிறவர்களுக்கு வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் பழுதடையலாம். நீரிழிவும் குருதி அமுக்கமும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. பெயரும் கலவையும் எழுதாமல் கைமாறும் பொடிகளும் அப்படியே. அவற்றுள் சிலவற்றில் ஸ்டெரொயிட் கலந்திருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் எங்கள் திருகோணமலை வளாகத்திலேயே அது பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. பதிவுபெற்ற சித்த வைத்தியரிடம் போகிறவர்களும் தாம் எடுக்கும் எல்லா மருந்துகளையும் இரு தரப்புக்கும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் விறைப்பு இளகும், மனத்துக்கும் இதம். ஆயினும் அது மருந்துக்கு மாற்றாகாது.

2006ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்கில் பரவிய சிக்குன்குனியாவை எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் விட்ட பின்னும் மாதக்கணக்கில் மூட்டு நோவோடு நடந்தவர்கள் ஏராளம். அந்த நோவு மூன்று மாதத்தைத் தாண்டினால் அதையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முழங்கால் தேய்ந்தவர்கள் நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து கட்டிலோடு இருந்துவிடுகிறார்கள். அசையாதிருந்தால் தொடைத் தசை மெலிந்து, மூட்டின் மேல் சுமை கூடுகிறது. கதிரையில் நிமிர்ந்திருந்து ஒரு காலை நேரே நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்குவது எந்த வீட்டிலும் செய்யக்கூடிய பயிற்சி. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது. ஊன்றுகோலை நோவுள்ள காலின் பக்கம் பிடிப்பவர்களையே நான் எங்கும் காண்கிறேன். அதை மறுபக்கக் கையில் பிடிக்க வேண்டும். குந்தி இருக்க முடியாதவர்களுக்குக் கொமட்டும், தொழுகைக்கும் பூசைக்கும் ஒரு கதிரையும் வைத்துக் கொடுப்பதில் எவரும் வெட்கப்படத் தேவையில்லை.

சுகாதாரத் துறையினரிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. வெருகலிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் பஸ் ஏறி நகருக்கு வரும் ஒரு முழங்கால் நோயாளியின் பாடு அந்தப் பஸ்ஸின் முதற் படியிலேயே தொடங்கிவிடுகிறது. இயன்மருத்துவர் ஒருவர் மாதமொரு முறையாவது கிராமப்புற வைத்தியசாலைகளுக்குச் சென்று பயிற்சிகளைச் செய்து காட்டினால், அத்தகையோருக்குப் பெரும் உதவியாகும். அத்துடன், வெளிநோயாளர் பிரிவுகளின் வரிசைகளில் நிற்க முடியாதவர்களுக்குக் கதிரைகளும் படிகளுக்குக் கைபிடிகளும் அமைக்கப்பட வேண்டும். வருகிற ஒக்டோபரில், காலை விறைப்பைப் பற்றியும் வாரக் குளிசையைப் பற்றியும் ஒரு வைத்திய நிபுணரின் விளக்கக் கட்டுரையைத் தங்கள் பத்திரிகை வெளியிட வேண்டுமென்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.