தலைமுறைப் பட்டியலை முழுமையாக வாசியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்மாலைத் திருப்பலியில், மத்தேயு நற்செய்தியின் தலைமுறைப் பட்டியலை விட்டுவிட்டு 18ஆம் வசனத்திலிருந்து தொடங்குவது எங்கள் பங்கிலும் வழக்கமாகிவிட்டது. வழிபாட்டு ஒழுங்கு இதற்கு இடமளிக்கிறது என்பதையும், அந்தப் பெயர்கள் எளிதில் வாயில் நுழையாதவை என்பதையும் அறிவேன். ஆனாலும் இவ்வழக்கம் மாற வேண்டும்.

என் தங்கை மகளுக்குப் பேசியிருந்த திருமணம் சென்ற ஒக்டோபரில் நின்றுபோனது. அவளுடைய தந்தை, இளவயதில் செய்த பணக் கையாடலுக்காக 18 மாதங்கள் சிறையில் இருந்து, எடுத்த பணத்தையும் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்தவர். ஒரே ஆலயத்துக்கு வருகின்ற மாப்பிள்ளை வீட்டார், "பரம்பரை சரியில்லை" என்று சொல்லியனுப்பி, பெண்ணுக்குக் கொடுத்த சேலையையும் திருப்பிக் கேட்டார்கள். தங்கை அதை மடிப்புக் கலையாமல் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள்.

இயேசுவின் பரம்பரையைத்தான் நாம் வாசிக்காமல் விடுகிறோம். அதில் வருகின்ற யூதா, தன் தம்பி யோசேப்பை 20 வெள்ளிக் காசுக்கு விற்கச் சொன்னவன். பின்னாளில் கடைசித் தம்பி பென்யமினுக்குப் பதிலாகத் தானே எகிப்தில் அடிமையாக இருப்பதாக முன்வந்தவனும், மருமகள் தாமாரைத் தன்னைவிட நேர்மையானவள் என்று ஒப்புக்கொண்டவனும் அவனே. எரிகோவில் விலைமகளாக வாழ்ந்த இராகாபும், மோவாபு என்ற அயல்நாட்டாரை இஸ்ரயேலரின் சபையில் சேர்க்கலாகாது என்ற சட்டம் இருந்தும் அந்நாட்டிலிருந்து வந்த ரூத்தும் அதில் இருக்கிறார்கள். இப்பெண்களை மறையுரைகளில் பாவிகளின் வரிசையில் வைப்பதை நான் ஏற்பதில்லை. தாமாருக்குத் தீங்கிழைத்தவன் யூதா, அப்பட்டியலில் வருகின்ற இன்னொரு பெண்ணான பத்சேபாவை, பிறன் மனைவி என்று அறிந்தும் அழைப்பித்தவன் தாவீது அரசன்.

அந்தப் பத்சேபாவின் பெயரை மத்தேயு எழுதவில்லை, 'உரியாவின் மனைவி' என்றே எழுதுகிறார். தலைமுறைகளைப் பதினான்கு பதினான்காக அடுக்குகின்ற அவர், யோராமுக்கும் உசியாவுக்கும் இடையில் மூன்று அரசர்களையே விட்டிருக்கிறார். தாவீது சூழ்ச்சியாற் கொல்வித்த உரியா என்ற போர்வீரனின் பெயரை மட்டும் விடவில்லை. பாவத்தை மறைக்காமலே, அந்த வழியில் மீட்பர் பிறந்தார் என்று சொல்வதற்கு அவருக்குத் துணிவிருந்தது.

நிதானமாக வாசித்தாலும் அந்த 17 வசனங்களுக்குச் சில நிமிடங்களே ஆகும். இவ்வாண்டு டிசம்பர் 24 மாலை அவற்றை விடாமல் வாசிக்குமாறு கொழும்பிலுள்ள பங்குத் தந்தையரைப் பணிவோடு வேண்டுகிறேன். தங்கையின் கணவர் ஒக்டோபரிலிருந்து ஆலயத்தின் கடைசி வாங்கில்தான் இருக்கிறார். அந்தப் பெயர்கள் அவர் காதிலும், சேலையைத் திருப்பி வாங்கியவர்களின் காதிலும் ஒரே வேளையில் விழட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.