ஹட்சன் மீன் ஏன் வாங்குவதில்லை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதில் சந்தோஷம், போட்டோ அனுப்பு. ஆற்றங்கரை ஊரில் இருந்துகொண்டு ஐஸில் கிடந்த மீனை ஏன் வாங்கித் தின்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். கிண்டல்தான், ஆனாலும் பதில் சொல்கிறேன்.

இங்கே நியூயார்க் மாநிலத்தில் ஓடுகிற ஹட்சன் ஆற்றின் மேல்பகுதியில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் இரண்டு கெப்பாசிட்டர் தொழிற்சாலைகள் இருந்தன. 1947இலிருந்து 1977 வரை அங்கிருந்து ஆற்றில் கலந்த பிசிபி என்கிற நச்சு எண்ணெய் 13 லட்சம் பவுண்டு வரை இருக்கும் என்பது கணக்கு. இந்த எண்ணெய் தண்ணீரில் லேசில் கரையாது, வண்டலோடு ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். 1973இல் ஃபோர்ட் எட்வர்டில் ஒரு பழைய அணையை இடித்தார்கள், அதுவரை அதன் பின்னால் தேங்கியிருந்த சேறு ஏராளமாகக் கீழே கிளம்பிவிட்டது. 1976இல் மேல்பகுதியில் மீன் பிடிக்கவே தடை. தொழிற்சாலைக் கழிவுக் குழாயை மூடி இத்தனை வருடம் ஆகியும் மீனில் பிசிபி இருக்கிறது, ஏனென்றால் புழு சேற்றைத் தின்கிறது, சின்ன மீன் புழுவை, பெரிய மீன் அதை, ஒவ்வொரு படியிலும் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகிறது.

சேற்றில் குழாயை இறக்கி நீளமாக ஒரு துண்டு எடுத்து வயது பார்ப்பார்கள், கேட்டிருக்கிறாயா? அணுகுண்டு சோதனைகளில் விழுந்த சீசியம் என்கிற கதிரியக்கப் பொருள் 1963 வாக்கில் உச்சம், அந்த அடுக்கு கிடைத்துவிட்டால் மேலேயும் கீழேயும் எந்தக் காலத்துப் படிவு என்று சொல்லிவிடலாம். பிசிபி எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பதெல்லாம் அப்படித்தான் தெரிகிறது.

அப்புறம் 2009இலிருந்து 2015 வரை தூர்வாரினார்கள், சுமார் 27.5 லட்சம் கன கெஜம் சேற்றை அள்ளி ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். மீன் தேறியதா என்றால், 2019இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை இன்னும் சில வருட மீன் கணக்கு வேண்டும் என்று முடிவைத் தள்ளிவைத்தது, அதே வருடம் நியூயார்க் மாநிலம் வாரியது போதவில்லை என்று முகமை மேலேயே வழக்குப் போட்டது. எனக்கு மாநிலத்தின் பக்கம்தான் சாய்வு, வாரியது போக அடியில் இன்னும் கிடக்கிறதே.

உனக்குப் பிடிக்கிற சங்கதி இனிமேல்தான். இங்கே டாம்காட் என்று ஒரு சின்ன மீன், குளிர்காலத்தில் முட்டையிடும். ஒரு காலத்தில் இரண்டு வயதான டாம்காட்டில் பெரும்பாலானவற்றுக்கு ஈரலில் கட்டி. ஆனாலும் அந்த இனம் அழியவில்லை. 2011இல் காரணம் வெளிவந்தது: பிசிபி பற்றிக்கொள்கிற புரதத்துக்கான மரபணுவில் ஆறே ஆறு எழுத்துகள் இந்த ஆற்று மீன்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இல்லை, அதனால் விஷம் சரியாகப் பற்றுவதில்லை. கேட்டதும் கைதட்டத் தோன்றும். ஆனால் விஷம் உடம்பில் அப்படியேதான் இருக்கிறது, சாகாமல் அதைச் சுமக்கிறது, அவ்வளவுதான். அதைப் பிடித்துத் தின்கிற ஸ்ட்ரைப்ட் பாஸ் என்கிற பெரிய மீனுக்கு மொத்தமும் போகிறது. இப்போது பழைய தடை இல்லை, ஆனால் ட்ராய் ஊர் அணைக்கு மேலே ஹட்சன் ஃபால்ஸ் ஊர் வரை பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில்தான் விட வேண்டும், இங்கே எங்கள் பக்கம் ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்களும் பிள்ளைகளும் சாப்பிடவே வேண்டாம் என்கிறது சுகாதாரத் துறை. வீட்டில் இரண்டு பேத்திகள். எனக்கு ஐஸ் மீனே போதும்.

உன் மகன் தூத்துக்குடியில் மீன்வளம்தானே படிக்கிறான், அவனிடம் ஒன்று கேட்டுச் சொல். அங்கே ஆற்றைச் சோதிக்கும்போது தண்ணீரை மட்டும் எடுக்கிறார்களா, அடியில் கிடக்கிற சேற்றையும் எடுக்கிறார்களா?

அன்புடன்,
ராகவன்