புடா கோட்டையின் உடைசல்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

நேற்று போனில் உன் குரலே சரியில்லை. புடாப்பெஸ்ட் அகழாய்வில் கூட வந்தவர்களுக்குக் காசும் கல்வெட்டும் கிடைக்க, உனக்கு மட்டும் காபிக் கிண்ண உடைசல்களைக் கழுவி எண் போடுகிற வேலை என்றாய். எனக்கு அது சின்ன வேலையாகப் படவில்லை, பாப்பா.

இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் 10,000-க்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள் இருக்கின்றன. எல்லாம் சுல்தான் வீட்டுச் சொத்து. ஊர்க்காரன் எதில் குடித்தான் என்று அவை சொல்லாது. உன் மேசையில் இருப்பது அப்படியில்லை. 1541 முதல் 1686 வரை துருக்கியர் ஆண்ட புடாவில், அதாவது இன்றைய புடாப்பெஸ்டின் ஒரு பாதியில், புழங்கி உடைந்ததும் யாரோ குப்பைக்குழியில் வீசியது. சீனாவில் சுட்ட, கைப்பிடியில்லாத அந்தச் சின்னக் கிண்ணம் டான்யூப் கரை வரை வந்து சேர்ந்திருக்கிறதே!

இந்தச் சரக்கு எப்படிப் பயணப்பட்டது என்பதற்கு, கொஞ்சம் பிந்திய காலத்துச் சாட்சி ஒன்று இருக்கிறது. 1760-களில் எகிப்தின் சதானா தீவருகே செங்கடலில் ஒரு பெரிய கப்பல் மூழ்கியது. நீளம் சுமார் 50 மீட்டர். 1990-களில் அகழ்ந்தபோது சீனப் பீங்கானும் காபிக்கொட்டையும் சேர்ந்தே கிடைத்தன. கூடவே மிளகு, தேங்காய். இந்தியப் பெருங்கடல் முழுக்க ஒரே சந்தையாக இருந்த காலம் அது. தேங்காய் என்று படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம் ஒன்று. நீலமும் வெள்ளையுமாக இருப்பதையெல்லாம் சீனா என்று எழுதிவிடாதே. பாரசீகத்திலும், துருக்கியின் இஸ்னிக், கியூட்டாஹ்யா சூளைகளிலும் சீனக் கிண்ணங்களைப் பார்த்துச் செய்தார்கள். பூவேலையைப் பார்த்தால் ஏமாந்துபோவாய். உடைந்த விளிம்பைப் பார். சீனப் பீங்கானில் மேல்பூச்சும் உள்ளுடலும் ஒன்றாக உருகி, உடைந்த இடம் கண்ணாடிபோல வழவழவென்று இருக்கும். மற்றதில் உள்ளே கற்கண்டுத் தூள் மாதிரி நறநறவென்று இருக்கும். பூச்சு தனி ஏடாக மேலே தெரியும். ஈர விரல் வைத்தால் ஈரத்தை உறிஞ்சும். இரண்டையும் சரியாகப் பிரித்துவிட்டாலே, அசல் வாங்க முடிந்தவர்கள் எந்தப் பக்கம் குடியிருந்தார்கள் என்று தேட ஒரு வழி கிடைக்கும். எண் போடும்போது எந்தக் குழி, எந்த அடுக்கு என்பதை மட்டும் விட்டுவிடாதே.

அடிப்பாகம் முழுசாக இருக்கிற ஒன்றைப் படம் எடுத்து அனுப்பு, அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிறாள். பச்சைத் தண்ணீரில் கழுவாதே, அந்தக் குளிருக்குக் கை வெடித்துவிடும்.

அன்புடன்,
அப்பா