பயணத் தொழுகையும் நோன்பும்: ஒரே வரியில் அடங்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ரமலான் சிறப்புப் பக்கத்தில், ‘பயணிகள் தொழுகையைப் பாதியாக்கலாம், நோன்பை விட்டுப் பிறகு நோற்கலாம்’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். சலுகை உண்டு என்பது சரி. குர்ஆனில் 4:101 தொழுகைக்கும், 2:185 நோன்புக்கும் ஆதாரம். ஆனால் அந்த ஒரு வரியை நம்பிப் பயணம் கிளம்புகிறவருக்குத் தொழுகையும் பிசகும், நோன்பும் பிசகும்.

பாதியாவது லுஹர் (மதியம்), அஸர் (பிற்பகல்), இஷா (இரவு) தொழுகைகள் மட்டுமே. நான்கு ரக்அத், அதாவது நான்கு சுற்று, இரண்டாகும். சுபுஹு (அதிகாலை) இரண்டும் மஃரிப் (சூரியன் மறைந்ததும்) மூன்றும் அப்படியேதான். இந்தச் சலுகைக்குக் குறைந்தபட்ச தூரம் 48 மைல் என்பது பழைய கணக்கு. அதை இன்றைய அளவில் 77 கி.மீ. என்றும் 82 கி.மீ. என்றும் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சொல்கிறார்கள். ஹனஃபி மத்ஹபினரில் (மத்ஹப் என்பது மார்க்கச் சட்டப் பள்ளி) 92 என்பவர்களும் உண்டு. போகிற தூரம் மட்டுமே கணக்கு, திரும்பும் தூரத்தைச் சேர்க்கக்கூடாது. காயல்பட்டினத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போய் மாலையில் திரும்புகிறவர் முழுதாகத்தான் தொழ வேண்டும்.

தமிழகத்தில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மத்ஹபும், ராவுத்தர்கள் வாழும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபும் நடப்பில் இருக்கின்றன. இரண்டுக்கும் பயணச் சட்டம் நன்றாகவே வேறுபடும். சுருக்கித் தொழும் கஸ்ர் ஷாஃபியில் சலுகை, ஹனஃபியில் கட்டாயம். போன ஊரில் 15 நாள் தங்கும் நிய்யத் (எண்ணம்) இருந்தால்தான் ஹனஃபி முழுதாகத் தொழுவார். ஷாஃபிக்கோ, வந்த நாளும் கிளம்பும் நாளும் போக முழுதாக நான்கு நாள் தங்கும் எண்ணம் இருந்தாலே கஸ்ர் கிடையாது. சிகிச்சைக்காக ஒரு வாரம் வேலூரில் தங்குகிற இருவர் ஒரே அறையில் இருந்து ஷாஃபி நான்கும் ஹனஃபி இரண்டும் தொழுவார்கள். இருவர் செய்வதும் சரியே.

இரண்டு நேரத் தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ, ஷாஃபியில் பயணிக்கு உண்டு. ஹனஃபியில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டும்தான். சென்னையிலிருந்து கீழக்கரைக்குக் கிளம்பிய ஷாஃபி ஒருவர், விழுப்புரம் பக்கம் பேருந்து மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது லுஹர் நேரத்திலேயே அஸரையும் தொழ நினைத்தால், லுஹரை சலாம் கொடுத்து முடிக்கும் முன்பே சேர்க்கிற நிய்யத் வேண்டும். லுஹர் முடிந்ததும் இகாமத் (தொழுகை தொடங்கும் அறிவிப்பு) சொல்லி அஸருக்கு நின்றுவிட வேண்டும். நடுவில் சுன்னத் (கூடுதல் தொழுகை) தொழுவதோ டீ குடிக்கப் போவதோ கூடாது, தொடர்ச்சி அறுந்துவிடும். பிற்படுத்தி அஸர் நேரத்தில் தொழுவதானால் இந்தக் கெடுபிடி இல்லை. ஆனால் லுஹர் நேரம் முடிவதற்குள் அந்த நிய்யத் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் லுஹர் கழாவாகிவிடும் (நேரம் தவறியதாகிவிடும்), பாவமும் சேரும். வழியில் உள்ளூர் இமாமின் பின்னால் தொழுதால் பயணியும் நான்கு ரக்அத் தொழ வேண்டும். இதில் இரண்டு மத்ஹபும் ஒன்றுதான்.

அதிகம் தடுமாறுவது நோன்பில். காலை 10 மணிக்கு விமானம் என்பதால் சஹரை (விடியும் முன் உண்ணும் உணவை) விட்டுவிட்டு, வீட்டிலேயே காலைப் பலகாரம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுபுஹு நேரம் வரும்போது ஊர் எல்லையைத் தாண்டியிருந்தால்தான் அன்றைய நோன்பை விடலாம். சென்னைவாசிக்கு மீனம்பாக்கம் எல்லைக்கு வெளியே இல்லை, கட்டடங்கள் விடாமல் தொடர்கின்றன. ஆகவே அவர் விமான நிலையத்தில் கஸ்ர் தொழுவதும் சரியல்ல. விடிந்த பின் கிளம்புகிறவர் அன்றைய நோன்பைப் பிடித்தாக வேண்டும்; சலுகை மறுநாளிலிருந்துதான். சிரமம் இல்லாத பயணி நோன்பு வைப்பதே மேல் என்பது இரண்டு மத்ஹபின் கருத்தும்.

வளைகுடாவுக்கு மாலை விமானத்தில் போகிறவர்கள் கைக்கடிகாரத்தில் சென்னை நேரம் பார்த்து நோன்பு திறந்துவிடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே சூரியன் தெரிந்துகொண்டிருக்கும்! மேற்கே பறக்கும்போது பொழுது நீளும். கீழே எந்த ஊரில் பாங்கு சொன்னாலும், விமானத்தில் இருப்பவருக்கு சூரியன் மறைந்தால்தான் மஃரிப். சிங்கப்பூர் பக்கம் போகிறவருக்கு இதுவே தலைகீழ்.

விட்ட நோன்பை ஒன்றுக்கு ஒன்றாகக் கழா செய்ய (பிறகு ஈடாக நோற்க) வேண்டும்; ஷாஃபியில் அடுத்த ரமலானுக்குள். காரணமின்றித் தள்ளிப்போட்டால் ஷாஃபியில் கழாவோடு ஒரு நாளுக்கு ஒரு முத்து (இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு) தானியமும் ஏழைக்குக் கொடுக்க வேண்டும்; ஹனஃபியில் கழா மட்டும் போதும்.

அடுத்த வாரம் திருத்தம் வெளியிடும்போது எது ஷாஃபி, எது ஹனஃபி என்று குறித்துப் போடுங்கள். அச்சுக்குப் போகும் முன் இரண்டு மத்ஹப் ஆலிம்களிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கீழக்கரை