சிங்கம் எழுதாத அக்கி

அன்புள்ள சண்முகம்,

எட்டு மாதமாக எழுதாததற்கு நீ திட்டியதையெல்லாம் சேர்த்து வைத்திரு. நேரில் வட்டியோடு வாங்கிக்கொள்கிறேன்.

போன மாதம் எனக்கு அக்கி கண்டது. இரண்டு நாள் வலப்பக்க விலா காரணமில்லாமல் எரிந்தது. மூன்றாம் நாள் காலையில் பனியனைக் கழற்றினால் முதுகிலிருந்து மார்புவரை அரைக்கச்சை போல நீர்க்கொப்புளங்கள். குயவரிடம் காவியால் சிங்கம் எழுதிக்கொண்டால் இறங்கிவிடும் என்றார் அத்தை. கொடையாகப் பெற்ற சிறுநீரகத்தைச் சுமப்பவன் என்கிற பயம் இல்லாவிட்டால் நானும் போயிருப்பேன்.

கணக்குப் பரீட்சையிலிருந்து என்னைக் காப்பாற்றிய சின்னம்மையின் கிருமிதான் இத்தனை ஆண்டுகளாக நரம்புமுடிச்சில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் எழுந்ததாம். சாதாரணமாக மாத்திரை போதும். என்னைப் போன்றவர்களுக்குப் பரவிவிடக்கூடும் என்பதால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அசைக்ளோவிர் என்ற கிருமி எதிர்ப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மருந்து சிறுநீரகத்திலேயே படிகமாக உறைந்துவிடுமாம். அதனால் செவிலியர் என் சிறுநீரை அளந்தபடியே இருந்தார்.

கிருமி தன் சொந்த நொதியால் தூண்டிவிட்டால்தான் அந்த மருந்து விழித்துக்கொள்கிறது; பிறகு கிருமி தன்னைப் படியெடுக்கும் சங்கிலியில் கண்ணியாக நுழைந்து, மேலே கோக்க முடியாமல் முறித்துவிடுகிறது. கிருமி புகாத செல்லில் அது பெரும்பாலும் சும்மாவே கிடக்கிறது. இதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் முனைவர் பட்டப் படிப்பை முடிக்காமலே 1988இல் நோபல் பரிசு பெற்றவர். கொடைச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாதபடி எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்த நான் தினமும் விழுங்கும் அசத்தியோபிரினும் அவரும் அவருடைய சக ஆய்வாளர் ஹிட்சிங்ஸும் தந்ததுதான் என்று அறிந்தபோது சிரிப்பு வந்தது: என் காவலைத் தளர்த்தியவரே, திருடன் புகுந்ததும் ஓடிவந்திருக்கிறார்.

இவ்வளவும் எழுதியது தங்கை மீனாவுக்காகத்தான். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டும் ஸ்டீராய்டும் சாப்பிடுகிறாரே, அவையும் எதிர்ப்புச் சக்தியைத் தளர்த்துபவைதான். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலோடு கொப்புளம் தெரிந்தால், நீ வழக்கம்போல் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிடாதே. முதல் 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும், அவரைப் போன்றவர்கள் அன்றைக்கே போய்விடுவது நல்லது. கண்ணருகே என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதே. உயிருள்ள கிருமி கலக்காத அக்கித் தடுப்பூசி இரண்டு தவணையாகப் போடுகிறார்கள். அது அவருக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேட்டு எழுது.

கொப்புளம் உதிர்ந்துவிட்டது, எரிச்சல் மட்டும் இன்னும் சட்டைக்குள் இருக்கிறது. குமரேசன் விவகாரம் அடுத்த கடிதத்தில்.

அன்புடன்,
ராஜு